நீலம் திரும்பிய சாயங்காலம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்காது. பந்தயப் புறாக்கள் திரும்பும் நேரம் அது. எங்கள் சுரங்கக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மாடியில் புறாக்கூண்டு உண்டு. புறா கூண்டுக்குள் இறங்கினால்தான் அதன் கால் வளையத்தைக் கழற்றி, வந்த நேரம் பதியும் கடிகாரப் பெட்டியில் போட முடியும். சின்னச் சத்தம் கேட்டாலும் இறங்காமல் வட்டமடிக்கும். எவனாவது தும்மிவிட்டால், "மூக்கப் பொத்துடா மடையா!" என்று ஆல்வின் மேலிருந்து கத்துவான். தெருவிலேயே பெரிய சத்தம் அதுதான். எவ்வளவு நல்ல நாட்கள்!

ஆல்வினும் நானும் ஒரே கூண்டுக்குப் பங்காளிகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். ஒரு வருடம் எங்கள் ரொட்டியை உதிர்த்துப் புறாக்களுக்குப் போட்டோம். பழுப்புச் சட்டை போட்ட கட்சி அடியாட்கள், சேர்ந்தவர்களுக்குச் சூப்பும் பூட்ஸும் தந்தார்கள். ஆல்வின் அவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

"கட்சியெல்லாம் யாருக்கு வேணும் ப்ரூனோ? சூப்புல கறி கெடக்குடா."

"இன்னைக்குக் கறி போடுவான். நாளைக்கு யாரை அடிக்கச் சொல்லுவான்?"

"அப்பப் பாத்துக்கலாம்."

அவன் கழுத்தில் ஊர்வல மத்தளத்தை மாட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு பந்தயத்தில் எங்கள் நீலப் பெட்டைப்புறாதான் முதலில் வந்தது. அதே நேரம் தெருமுனையில் பழுப்புச் சட்டை ஊர்வலம், முன்னால் ஆல்வினின் மத்தளம். நீலம் வெருண்டு மேலேறியது. ஆல்வின் அண்ணாந்து பார்த்தான், கை நின்றது. ஊர்வலத் தலைவன் அவன் பிடரியில் ஒன்று வைத்தான். கை மறுபடி அடிக்கத் தொடங்கியது. புறா கண்ணுக்கு மறைந்தது.

சாயங்காலம் அது தானாகவே வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் ஆல்வின் வாசலில் நின்றான்.

"நீலம் வந்துச்சாடா? வந்திருந்தா சொல்லு, மேல வரேன். எனக்கு இதெல்லாம் வேணாம்டா."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "வரல. உன் மத்தளம் கொன்னுடுச்சு. போ, அவனுங்ககிட்டயே போ."

போய்விட்டான். பிறகு எத்தனை கடைகள் உடைந்தன, எத்தனை பேர் காணாமல் போனார்கள்! எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் மத்தளம் போனது. செய்தவன் அவன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். பீரங்கிக்கு எஃகு, எஃகுக்கு நிலக்கரி வேண்டுமென்று சுரங்கத்தை மறுபடி திறந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இறங்கினேன். அப்புறம் போர் வந்தது, ஆல்வின் பட்டாளத்தோடு போனான்: போலந்து, பிரான்ஸ், ரஷ்யா.

ரஷ்யாவிலிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டான். "இங்க பனியில ஒரு சத்தமில்ல ப்ரூனோ. நம்ம தெரு ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்கு. நீலத்தைக் கொன்னதுக்கு என்னை மன்னிச்சிரு."

அன்றே பதில் எழுதினேன். "அது சாகலடா. நீ வாசல்ல நின்னு கேட்டப்போ கூண்டுலதான் இருந்துச்சு."

கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.