ஏரி புரளும் வாரங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. நிதி மசோதா நிறைவேறாமல் அமெரிக்க மத்திய அரசு மூடப்பட்ட அந்த நவம்பரில், நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் செய்திமடலுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். அரசு மூடினால் பல்கலைக்கழகம் என்ன ஆகும்? ஆய்வு நிதி விண்ணப்பங்கள் தூங்கும், அரசு இணையதளங்கள் இருளும், பதில் சொல்ல வேண்டிய அதிகாரிகள் வீட்டில் இலை கூட்டிக்கொண்டிருப்பார்கள். நன்றாக எழுதியிருப்பதாகத்தான் நினைத்தேன். எங்கள் ஏரி ஆய்வுத் துறையின் மார்லிஸ் ஹௌகன் அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"ஏரியப் பத்தி ஒரு வரி இல்லியே," என்றாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: சுப்பீரியர் ஏரியின்மேல் பனிமூட்டம் ஒரு கிழிந்த—

வேண்டாம். மார்லிஸ் பனிமூட்டத்தைப் பார்த்தால் 'பனிமூட்டம்' என்று மட்டும் குறித்துக்கொள்கிறவள்.

இரண்டாம் முயற்சி: ஏரி உறையாத மாதங்களில், செவ்வாய்தோறும், கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரே இடத்தில், ஐந்து ஆழங்களில் தண்ணீர் எடுத்து வெப்பம் அளக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். முப்பத்தெட்டு ஆண்டுகளாக. கடைசி இருபத்தாறு ஆண்டுகள் அளந்தது மார்லிஸ். காற்றடித்தால் புதன்கிழமை போவாள்; ஒரு வாரம்கூட விட்டதில்லை. படகு மட்டும் அரசுடையது. அரசு மூடியதும் அது படகுத்துறையில் சங்கிலியோடு நின்றது.

(ஒரு வாரம் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு: குளிர் தொடங்கும்போது மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும், அடித்தண்ணீர் மேலே வரும். ஏரி புரள்கிறது என்பார்கள். அதைப் பிடிக்க இரண்டு மூன்று வாரம்தான். விட்டால் அந்த ஆண்டு போச்சு.)

3

துறைத் தலைவர் வெண்டல் பிரௌட்டியை வில்லனாக்கிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் நடந்தது வேறு.

"ஒரு வாரம் விட்டா குடியா முழுகிடும், மார்லிஸ்?"

"ஒரு வாரம்னு யார் சொன்னா? என்னிக்குத் திறப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பிரௌட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வேற படகு பிடிங்க, கையெழுத்து நான் போடறேன். ஆனா ஹெரிங் மீன் சீசன்ல எவன் வருவான்?"

4

அரசுப் படகின் ஓட்டுநர் ஆரின் லுண்டை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சம்பளம் வாங்காமல்கூட வேலை செய்யக் கூடாது, வேலையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. சட்டம். மார்லிஸ் அவரை மளிகைக் கடையில், உருளைக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் பிடித்தாள்.

"ஆரின், செவ்வாய்க்கிழமை—"

"வேலைப் பேச்சு பேசக் கூடாது."

"நான் எங்க பேசினேன்?"

அவர் ஒரு கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் மீன் பிடிக்கிறவனா இருந்தா, அன்னிக்குப் பத்து மணிக்குள்ள கரைக்கு வந்துடுவேன். அப்புறம் வடகிழக்குக் காத்து. படகு இல்லாதவனா இருந்தா ரமோனாவக் கேப்பேன். ஆனா நான் கிழங்கு வாங்க வந்தவன்."

5

ரமோனா டெஃபோ, தனி ஆட்சிமன்றம் உள்ள ஓஜிப்வே பழங்குடி இனத்தவள், சொந்தப் படகில் வலை போடுகிறவள். மார்லிஸ் போனபோது வலையிலிருந்து மீன்களைப் பிய்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்காமலே கேட்டாள்.

"உங்க அரசாங்கம் மூடிக் கெடக்குன்னு என்கிட்ட வந்தியாக்கும்?"

"ஆமா."

"எங்களோடது தொறந்துதான் இருக்கு. இன்னிக்குக் காலைலகூடக் கூட்டம் நடந்துச்சு. அதுல என் அண்ணன் தூங்கினான்." பெட்டியைக் காலால் தள்ளினாள். "ஒரு நாள் மீனு போகும். போகட்டும். செவ்வாக்கிழம ஆறரைக்கு வந்துடு, பேராசிரியரம்மா."

"நான் பேராசிரியர் இல்ல. தண்ணி எடுக்கிறவ."

"அப்ப சரி. பேராசிரியர்னா யோசிச்சிருப்பேன்."

6

இங்கே ஒரு புயல் எழுதியிருந்தேன். ஆறடி அலை, கிழிந்த வானம், கைகூப்பல். படித்துவிட்டு மார்லிஸ் கோடு போட்டு அடித்தாள். "மூணடி அலை. யாரும் சாமி கும்பிடல."

சரி. படகில் தண்ணீர்க் குப்பி இறக்கும் சுழலி இல்லை. வலை இழுக்கும் உருளையில் கயிற்றைச் சுற்றினார்கள். நான்கு ஆழம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது, அறுபது மீட்டர். அடியிலேயே மூடிக்கொள்ள வேண்டிய குப்பி வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. மணி ஒன்பது இருபது. காற்று, சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பியிருந்தது.

இன்னொரு தடவைக்கு மார்லிஸ் கெஞ்சினாள் என்று எழுத எனக்கு ஆசை. கெஞ்சவில்லை. படகு ரமோனாவுடையது, உயிரும் அவளுடையது. கேட்கும் உரிமை தனக்கில்லை என்று மார்லிஸ் நினைத்தாள். கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

ரமோனா அலையைப் பார்த்தாள், பிறகு கயிற்றை.

"எதுக்குச் சுருட்டற? இன்னொரு தடவ எறக்கு. என் படகுல ஏறினவங்க யாரும் பாதி வேலையோட எறங்கினதில்ல."

இறக்கினாள். மூடிக்கொண்டது. வெப்பமானியைப் படித்துவிட்டு மார்லிஸ் எண்ணைப் பதிவேட்டில் பேனாவால் எழுதினாள். ஐந்து ஆழத்திலும் ஒரே எண். மேலும் கீழும் ஒன்றாகி, அந்த வாரம்தான் ஏரி புரண்டிருந்தது.

"நல்லதா, கெட்டதா?" என்றாள் ரமோனா.

"நாம வந்தது நல்லது."

நனைந்து ஊறித் திரும்பினார்கள். படகுத்துறையில் ஆரின் நின்றிருந்தார், உலாவ வந்தாராம். ரமோனா வீசிய கயிறு தானாக அவர் கையில் விழுந்ததாம்.

7

பிறகு அரசு திறந்தது. அந்தச் செவ்வாயின் அளவு, பதிவேட்டின் ஒரு வரி, இப்போது தலைநகரில் ஓர் அதிகாரியின் மேசையில் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற படகில் எடுத்த அளவுதான் செல்லும் என்று விதி. அவர் ஏற்கலாம், நீக்கலாம்.

இரண்டு முடிவும் எழுதி மார்லிஸிடம் கொடுத்தேன். ஒன்றில் அந்த அதிகாரி ஏரிக்கரையில் பிறந்தவர். இன்னொன்றில் அவர் மிகவும் நேர்மையான—

இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "பேனாவால எழுதியிருக்கேன். அழிக்கணும்னா அவங்க கைப்பட அழிக்கட்டும்."

ஆகவே அந்த அதிகாரியின் மேசையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். நவம்பர், மூன்றாம் செவ்வாய். ஐந்து ஆழம், ஐந்திலும் ஐந்து புள்ளி இரண்டு டிகிரி. படகு: ரமோனா டெஃபோவுடையது. அளந்தவர்: மா. ஹௌகன். அதன் கீழே, ஏற்பவரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.