வதனி சொல்லிக்கொடுத்த விரதம்

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மொத்தம் எட்டுக் கட்டில், ஒரேயொரு ஒப்பரேஷன் தியேட்டர். பெரிய டொக்டர்மார் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை முடிந்து நாலு மணிக்குத்தான் வருவார்கள். வந்தால் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஒரு நோயாளியை முடித்த கையோடு மற்றவரைக் கிடத்த வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர். குடலிறக்கத்துக்கு வந்த வாகரை நாகரெத்தினம் தியேட்டருக்குள் போய்விட்டார். பித்தப்பைக் கல்லோடு வந்த பெரியகல்லாற்று அன்னப்பூரணிக்கு வதனி பச்சை அங்கியைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அங்கே தாதி அவள்.

அங்கியின் கடைசி முடிச்சைப் போடும்போது அன்னப்பூரணி ஒரு ஏப்பம் விட்டார். வாழைப்பழ வாடை. வதனியின் கை அப்படியே நின்றது.

“அம்மா, என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்டும் தின்னல்ல புள்ள. நீதானே விரதமெண்டு சொன்னாய்? ரெண்டு மணிபோல பாலும் பழமும் எடுத்தன், அவ்வளவுதான்.”

மனுசி பொய் சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் கந்தசஷ்டி பிடிக்கிறவர். விரதகாரருக்குப் பாலும் பழமும் குற்றமில்லை என்பது ஊருலகத்துக்கே தெரியும், வதனியின் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

விரதமாம் விரதம்! அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவளே அவள்தானே. சாப்பிடக் கூடாது என்று சொன்னால் இந்தச் சனம் கேட்காது, ஒளித்து ஒரு வாய் ஊட்டிவிடும். விரதம் என்றால் கடவுளை ஏமாற்ற ஒருவருக்கும் மனம் வராது என்று அவளுக்கு ஒரு கெட்டித்தனம். முகாமையாளர் கதிர்காமத்தம்பியும் அதை மெச்சியிருந்தார். மயக்கத்தில் வயிற்றில் கிடக்கிறது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கினால் ஆள் முடிந்தது என்பதைப் படித்தவள் அவள். நுணல் தன் வாயால்தான் கெடும். இந்த நுணல் மற்றவர்களையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது.

அப்போதுதான் மற்றவரின் நினைவு வந்தது. உள்ளே கிடக்கும் நாகரெத்தினத்துக்கும் முந்தாநாள் போனில் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அன்னப்பூரணியை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். தியேட்டர் வாசலில் கதிர்காமத்தம்பி மறித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. உள்ளே வேலை தொடங்கியாயிற்று, இப்போது குழப்பினால் பெரிய டொக்டர் இனி இந்தப் படி மிதிக்கமாட்டார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாவை மட்டும் நிறுத்தலாம், சொன்ன சொல் கேளாமல் சாப்பிட்டுவிட்டார் என்று எழுதினால் போதும், உன் வேலைக்கும் பங்கமில்லை என்றார். வதனிக்கு ஒரு கணம் அது நல்ல வழியாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதற்காகவே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“உள்ளுக்க கிடக்கிற மனுசனுக்கும் நான்தான் சேர் சொன்னது,” என்று அவர் கையை விலக்கிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஸுஹைனா ஊசியை நாகரெத்தினத்தின் கைக்குழாயில் பொருத்தியிருந்தார். பெருவிரல் ஊசியின் பின்பக்கம் இருந்தது.

“கொஞ்சம் பொறுங்க டொக்டர்.” வதனிக்கு மூச்சு வாங்கியது. “ஐயா, இண்டைக்குப் பால் குடிச்சீங்களா?”

பெரிய டொக்டர் கை கழுவிய ஈரத்தோடு திரும்பி முறைத்தார். நாகரெத்தினம் கிடந்தபடியே சிரித்தார்.

“பாலா? எனக்கு அது ஒத்துவராது புள்ள.”

வதனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸுஹைனா மறுபடி ஊசியைப் பார்த்துக் குனிந்தார்.

“இளநிதான் குடிச்சன்,” என்றார் நாகரெத்தினம். “மூணு மணிக்கு, உங்கட கேற்றடியில. வழுக்கையும் திண்டன். விரதத்துக்கு அது பிழையில்லத்தானே?”

ஸுஹைனா ஊசியைக் கழற்றித் தட்டில் வைத்தார். வதனி நடந்ததை முழுவதும் சொன்னாள், விரதம் என்று சொல்லிக்கொடுத்தது தானே என்பதையும் சொன்னாள். பெரிய டொக்டர் கை துடைக்க எடுத்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போனார்.

ஸுஹைனா ஏசவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

“வதனி, இத இதுவரைக்கும் எத்தின பேருக்குச் சொல்லியிருக்கீங்க?”

“எல்லாருக்கும் டொக்டர்,” என்றாள் வதனி. “நாலு வருஷமா.”