நிலக்ஷிக்கு ஒரு மண்டபம்

எங்கள் தோட்டத்தில் பந்தை வைத்தால் உருளாமல் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருக்கும் மைதானம். மற்றதெல்லாம் சரிவும் தேயிலையும். அந்த ஒரே இடத்தில் மண்டபம் கட்டப்போவதாகத் தோட்டத் தலைவர் அழகன் கோவில் ஒலிபெருக்கியில் அறிவித்தபோது, நான் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே நின்றேன். பெயர், ‘நிலக்ஷி விளையாட்டு மண்டபம்’. விளையாடுகிற இடத்தை மூடிவிட்டு விளையாட்டுக்கு மண்டபம்! மூளை இருக்க வேண்டிய இடத்தில் இந்த மனுசனுக்குச் சால்வையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் போல.

நிலக்ஷியும் நானும் ஒரே லயம். அவள் கோல் அடிப்பாள், நான் தடுப்பேன். ஆறு வருடம் அவளுக்கு எதிரே நின்றிருக்கிறேன். இடது மூலையைப் பார்த்துக்கொண்டே வலது மூலைக்கு அடிப்பாள், கள்ளி. தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான் பாய்வேன். டயகம பள்ளிக்கூடத்திலிருந்து கொழும்பில் ஒரு கிளப், அங்கிருந்து மாலைதீவு, இப்போது இந்தியாவில் ஒரு கிளப்பில் ஒன்பதாம் நம்பர். பந்து உதைப்பதுதான் அவளுக்குத் தொழில். நான் கொழுந்து பறிக்கிறேன். சாயந்திரத்தில் பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கு அந்த மைதானத்தில் பந்து பழக்குகிறேன். இரண்டு பேரை மாவட்ட அணிக்கு எடுத்திருக்கிறார்கள். மைதானம் போனால் அத்தனை பேருக்கும் நாளைக்குக் கூடைதான்.

இதே அழகன்தான் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால், நிலக்ஷி காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு, இதே ஒலிபெருக்கியில், “பொட்டப்புள்ளைங்க தொடையக் காட்டிக்கிட்டு ஓடுனா மழ தண்ணி தப்பிப் போயிரும்” என்று முழங்கினார். டயகமவில் மழை தப்புமாம்! வருடம் பூராவும் துணி காயாத ஊரில்! அதோடு விட்டாரா? அந்தத் திருவிழாவில் நிலக்ஷியின் அம்மா வேலாயி பால்குடம் எடுத்துத் தலையில் வைத்த பிறகு, கீழே இறக்கச் சொன்னார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேலாயி அக்கா அதற்குப் பிறகு கோவில் பக்கமே போகவில்லை.

இப்போது அவருக்கு நிலக்ஷி ‘எங்கள் தோட்டத்துத் தங்கம்’. பெனர் கட்டியிருந்தார்கள். நிலக்ஷியின் தலையை வெட்டி, பட்டுச்சேலை உடுத்திய யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டி, கையில் தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கொடுத்திருந்தார்கள். தொடை தெரியவில்லை. தோட்டத்துக்கு மழை நிச்சயம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போனேன்.

“தலைவரே, மண்டபத்தக் கொஞ்சம் ஓரமாக் கட்டுனா என்னங்க?”

“ஓரத்துல ஏது எடம்?”

“அந்த வேலிக்குள்ள இருக்குங்களே.”

மைதானத்தின் வடகிழக்கு மூலையைக் கோவில் பூந்தோட்டம் என்று சொல்லித் தகரம் அடித்து வளைத்தவர் அவர். இன்றுவரை ஒரு பூ பூத்ததில்லை. லீக்ஸ் மரக்கறிதான் விளையும், அதுவும் லொறியில் ஏறி அவர் பெயரில்தான் போகும்.

“அது சாமி எடம், ஜீவராணி. பேசாத.”

சாமி லீக்ஸ் சாப்பிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஞாயித்துக்கிழம நிலக்ஷியே வந்து கல்ல வைக்கும்,” என்றார். “நேரம் பாத்து, சூடம் காட்டி வச்ச கல்ல அப்புறம் எந்தக் கொம்பனாலயும் அசைக்க முடியாது. அசைச்சா தோட்டத்துக்கே ஆகாது. போங்க, போய் வேலையப் பாருங்க.”

சனிக்கிழமை நிலக்ஷி வந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, “பெரியவங்க ஆசப்படுறாங்க, விடு ஜீவா,” என்றாள்.

“வெளிநாட்டுச் சோறு ஒன் முதுகெலும்பக் கரைச்சிருச்சாடி?”

சிரித்தாள். “பூசாரி இன்னும் நம்ம மூக்கன் மாமாதானே?” என்று மட்டும் கேட்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தப்பு மேளம் முழங்கியது. என் கோல் கம்பத்துக்கு முன்னால் குழி வெட்டி, மாவிலை கட்டியிருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அழகன் மைக்கைப் பிடித்தவர் நாலு இருபது வரை விடவில்லை. நிலக்ஷியின் முதல் பந்தைத் தாமே வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். அந்தப் பந்தை அக்கரப்பத்தனைக் கடையில் வாங்கியவள் நான்.

அடுத்து நிலக்ஷி. “தலைவர் இல்லன்னா நான் இல்லைங்க,” என்றாள். ஊர் கைதட்டியது. தூ! இவளுக்காகவா ஆறு வருடம் முழங்காலைத் தேய்த்தேன்? என் பன்னிரண்டு பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மஞ்சள் பூசிய கருங்கல்லைத் தாம்பாளத்தோடு வாங்கினாள். குழியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். குழியின் ஓரத்தில் நின்றாள்.

“மூக்கன் மாமா, அடிக்கல்ல ஈசானிய மூலையிலதானே வைக்கணும்?”

“அதாம்மா முறை,” என்றார் பூசாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“மைதானத்துக்கு ஈசானிய மூல எது?”

பூசாரியின் விரல் பாவம் தானாகவே வடகிழக்கே நீண்டது. நிலக்ஷி குழியைத் தாண்டினாள். தப்புக்காரர்கள் தாம்பாளம் போகிற பக்கம் போகிறவர்கள், பின்னாலேயே போனார்கள். ஊரும் போனது.

“தாயி! குழி இங்க வெட்டியிருக்கு!” அழகன் சால்வை நழுவ ஓடிவந்தார்.

“நல்ல காரியத்துல கொற வரக்கூடாதுங்க தலைவரே. நீங்களே அத சாமி எடம்னுதானே சொல்லியிருக்கீங்க?” தகரக் கதவை வலது காலால் ஒரு தட்டுத் தட்டினாள். திறந்துகொண்டது. கொத்திப் பதப்படுத்திய மண், குழியே தேவைப்படவில்லை. லீக்ஸ் பாத்தியின் நடுவில் கல் ஜம்மென்று உட்கார்ந்தது.

“மாமா, நாலு நிமிசந்தான் இருக்கு.”

ராகு காலத்துக்குப் பயந்த மூக்கன் பூசாரி சூடத்தைக் கொளுத்திவிட்டார். நிலக்ஷி திரும்பி, கூட்டத்தின் கடைசியில் நின்ற வேலாயி அக்காவைக் கூப்பிட்டாள். “அம்மா, வந்து பால ஊத்துங்க.” அக்கா வந்து சொம்பை வாங்கினாள். இந்தத் தடவை யாரும் இறக்கச் சொல்லவில்லை. அழகன் வாயைத் திறந்தார், ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது, அவரும் போட்டுக்கொண்டார்.

“என்னையும் ஏமாத்திட்டியேடி,” என்றேன் பிறகு.

“நீ இன்னும் என் மூஞ்சியத்தான் பாக்குற. காலப் பாருன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்.”

எட்டு மாதமாகிறது. தன் பாத்தியில் மண்டபம் கட்ட அழகனுக்கு மனம் வரவில்லை. கல்லை அசைக்கத் தைரியமும் வரவில்லை. கும்பிட வருகிறோம் என்று சொல்லித் தகரத்தைப் பிள்ளைகளே பிரித்துப்போட்டார்கள். மைதானம் அந்த மூலை வரைக்கும் நீண்டுவிட்டது. கோர்னர் கிக் இப்போது கல்லுக்குப் பக்கத்திலிருந்துதான்.

நேற்று அவர் அந்த வழியாகப் போனார்.

“தலைவரே, மண்டபம் எப்பங்க?”

“மேலிடத்துல பேசிக்கிட்டிருக்கேன்,” என்றார் தலையைத் திருப்பாமல்.

“பேசுங்க, அவசரமில்ல, ஆறுதலாப் பேசுங்க. கல்லு பத்திரமா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, அதன் பக்கத்தில் பந்தை வைத்தேன்.