என்ன விசேஷம்?

சூடு ஆறாத லட்டைப் பெட்டியில் அடுக்கி மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மறுநாளே ஒரு வாடை வந்துவிடும். அதனால் அவள் லட்டுத் தட்டுகளை மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைத்துவிட்டு, ஜாங்கிரியை முதலில் கட்டிக்கொண்டிருந்தாள். கடையில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் முதலாளியும், பின்பக்கம் அடுப்பும் மாஸ்டரும் அவளும், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தலையில் துணித்தொப்பி, முகத்தில் மாஸ்க், கையில் உறை என்று போட்டுக்கொண்டு நின்றால் கண் மட்டும்தான் வெளியே தெரியும்.

முதலாளிக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் எடை போடுவதற்கு முன்னால் என்ன விசேஷம் என்று கேட்டுவிடுவார். குழந்தை பிறந்திருக்கிறது என்றால் பால்கோவாவைக் காட்டுவார். பரீட்சையில் பாஸ் என்றால் லட்டு. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றால் ஜாங்கிரி இல்லாமல் அனுப்பமாட்டார். சும்மா வாய்க்கு வாங்க வந்தவர்கள்கூட, கேட்டுவிட்டாரே என்று ஏதாவது ஒரு நல்லதைத் தேடிப்பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். நின்ற இடத்திலேயே ஊரில் நடக்கிற நல்லதெல்லாம் அவள் காதில் விழும். கெட்டதுக்கு இங்கே யாரும் வருவதில்லை. மகன் போன பிறகும் அவள் இந்த வேலையை விடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவன்மேல், குடித்துவிட்டு ஓட்டிய ஒருத்தன் காரை ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கோர்ட்டு. ஆரம்பத்தில் கணவரோடு அவளும் போனாள். ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீல், பையனேதான் குறுக்கே வந்து விழுந்தான் என்று, பஸ் வருகிற நேரத்தைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குப் படியிறங்கியவள் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. இன்றைக்குத் தீர்ப்பு. காலையில் கணவர் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, முடிந்ததும் போன் பண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாப்பாட்டு நேரம் தாண்டி முன்பக்கம் ஒரு குரல் கேட்டது. இருக்கிற லட்டு அத்தனையும் வேண்டும், அரைக்கிலோ அரைக்கிலோவாகக் கட்டச் சொல்லுங்கள், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன் என்றது. முதலாளி வழக்கம்போல விசேஷத்தைக் கேட்டார்.

"எங்க அக்கா பையனோட கேஸ் இன்னைக்கு முடிஞ்சிடுச்சு. விடுதலை. பிடிச்சிருந்த சனியன் விட்டுச்சுன்னு வைங்க."

அவளுக்குக் குரலே போதுமாக இருந்தது. கார் ஓட்டியவனின் தாய்மாமன். கோர்ட்டு வராந்தாவில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, மருமகனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து கொடுத்துக்கொண்டிருப்பவர். மாஸ்டருக்கும் இன்றைக்குத் தீர்ப்பு என்பது தெரியும். அடுப்பைத் தணித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளியே போய் உக்காரும்மா. இத நான் கட்டிக்கிறேன்."

"என் வேலைய நான் பாக்குறேன் மாஸ்டர்."

ஒவ்வொரு லட்டையும் உள்ளங்கையில் வைத்து நசுக்கிவிட வேண்டும்போல் இருந்தது. காறித் துப்பிவிட்டு மூடினால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஆனால் கை தன்பாட்டுக்கு உடையாத உருண்டையாகப் பொறுக்கி எடுத்தது. முந்திரி மேலே தெரிகிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்தது. மூடியை ஓரம் பிசகாமல் அழுத்தியது. அந்தக் கையை அவளுக்குப் பிடிக்கவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை.

பெட்டிகளை அவளே சுமந்துகொண்டு போய் முன்பக்கம் அடுக்கினாள். அந்த மனிதர் முகம் முழுக்கச் சிரிப்பாக நின்றிருந்தார். மேலே இருந்த பெட்டியைத் திறந்து, முதலாளிக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அவளிடமும் ஒன்றை நீட்டினார்.

"எடுத்துக்கங்கம்மா. நல்ல சேதி."

அவள் வாங்கவில்லை. இதெல்லாம் யார் யாருக்கு என்று கேட்டாள். அவர் உற்சாகமாகவே சொல்லிக்கொண்டு போனார். தெரு பூராவுக்கும், சொந்தக்காரர்களுக்கு, வக்கீல் வீட்டுக்கு, ஆபீசில் எல்லாருக்கும். ஒருத்தர் விடாமல் கொடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாளாம். அவள் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்கும் உண்டா?"

லட்டைப் பிடித்திருந்த கை நீட்டியபடியே நின்றுவிட்டது. சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்த முகத்திலேயே கிடந்தது. வெளியே கார் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஹாரன் அடித்தார்கள். அவர் கையிலிருந்ததைப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடி, பெட்டிகளை வாரி அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் படியிறங்கினார். ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை. முதலாளி தன் பங்கு லட்டைத் தின்னவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

அதற்கப்புறம்தான் கணவரின் போன் வந்தது. பின்பக்கம் சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவில் நின்று எடுத்தாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. ஜட்ஜு லீவாம். தள்ளி வச்சிட்டாங்க."

பின்னால் தெருச் சத்தம் கேட்டது. அவர் எங்கேயோ ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல அவளுக்குத் தோன்றியது.

"சரிங்க. சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டுவிட்டேன் என்றார். அதுவும் பொய்தான்.

சாயங்காலம் கடைவாசலுக்கே வந்து காத்திருந்தார். எந்நாளும் இல்லாத வழக்கம். சட்டை கசங்கியிருந்தது. நடக்கிற வழியெல்லாம் தள்ளி வைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜட்ஜுக்குக் காய்ச்சலாம், அடுத்த மாசம் கட்டாயம் முடிந்துவிடுமாம், நம் வக்கீல் தைரியமாக இருக்கச் சொன்னாராம். கதை தடுமாறிய இடத்திலெல்லாம் அவள் ஒரு கேள்வி கேட்டு எடுத்துக்கொடுத்தாள். மழைக்காலக் காய்ச்சல் லேசில் விடாது இல்லையா என்றாள். ஆமாம் ஆமாம் என்று அவர் அதைப் பிடித்துக்கொண்டார். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதே கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குழம்பிப்போனது. அடுத்த மாசம் என்று ஒன்று நிஜமாகவே இருப்பதுபோல இருந்தது.

வீட்டு வாசல் வந்ததும் அவள் கேட்டைத் திறந்தாள். அவர் கவனிக்கவில்லை. காய்ச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டே, சொந்த வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டையும் தாண்டி, அவள் கூடவே வருகிறாள் என்ற நினைப்பில் கையை ஆட்டி ஆட்டித் தெருவோடு போய்க்கொண்டிருந்தார். அவள் கூப்பிடவில்லை. திறந்த கேட்டைப் பிடித்தபடி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.