அனிஷாவின் பூப்படம்

திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீருக்கு வாரக்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். சுவருக்குள் மட்டும் எங்கிருந்துதான் தண்ணீர் வருமோ தெரியவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரம், கூடத்தில் மாட்டியிருந்த பூப்படத்தின் மேல்மூலையில் கறுப்பாக ஒரு புள்ளியைப் பார்த்தேன். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

பூப்படம் என்பது நாங்கள் வீட்டில் வைத்த பெயர். என் மகள் அனிஷா காந்திகிராமத்தில் படித்த இரண்டு வருடமும் வழியில் கண்ட பூவையெல்லாம் பறித்துவந்து, என் தடித்த இயற்பியல் புத்தகங்களுக்குள் வைத்து உலர்த்தினாள். பக்கத்துக்குப் பக்கம் மகரந்தக் கறை. நான் கத்தியதற்கு அளவே இல்லை. ஆவாரை, காகிதப்பூ, தும்பை, தோழி ஒருத்தி சிறுமலையிலிருந்து கொண்டுவந்த பெரணி இலை எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு, என் பிறந்தநாளுக்குக் கொடுத்தாள். அடுத்த மாதம் டெங்கு வந்தது. ஆறே நாளில் எல்லாம் முடிந்துபோனது. இருபத்திரண்டு வயது.

அவள் கையால் செய்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் பறிகொடுக்க நான் தயாராக இல்லை.

அவளுடைய புகைப்படத்தை மாட்ட நான் விடவில்லை. மாலை போட்ட படமாக அவளைப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் அவள் படித்த காலத்தில் தினமும் காலையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வருவேன், தலையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். வாங்கிப் பழகிய கை நிற்கவில்லை. வைக்கத் தலை இல்லாததால் பூப்படத்தின் மேல் சார்த்தினேன்.

கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் போரைத் தொடங்கினேன். படத்தைக் குளியலறைப் பக்கச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். சுவரோடு ஒட்டாமல் காற்று போக, பின்னால் நான்கு மூலையிலும் தக்கை வைத்தேன். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தெருவெல்லாம் கேட்டு வாங்கிப் பின்னால் கட்டினேன். ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றைக்கூட வரவழைத்தேன். புள்ளி மூலையிலிருந்து இறங்கி ஆவாரையைத் தொட்டது. தும்பை பழுத்து, பழுப்பாகி, கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

சுவரைத் திட்டினேன், கொத்தனாரைத் திட்டினேன். மிச்சம் இருந்தவள் என் மனைவி சகாயமேரி.

"கூடத்துல ஈரத்துணி போட்டுத் தொடைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? சோத்தை வடிக்கிறப்ப கதவச் சாத்துன்னேனே, சாத்துனியா? உன் கை பட்டாத்தான் எல்லாம் வீணாப் போகுது!"

"சரிங்க" என்றாள். மறுநாளிலிருந்து ஜன்னலைக்கூட மூடிக்கொண்டு, புகைக்குள் நின்று சமைத்தாள். எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

கடைசியில் இரண்டு பேருமாக நாகல் நகரில் சைதூன் வைத்திருக்கும் ஃப்ரேம் கடைக்குப் படத்தைக் கொண்டுபோனோம். சைதூன் ஆணிகளைக் கழற்றிப் பின்னட்டையை எடுத்து, விரலால் சுண்டிப் பார்த்தாள்.

"சார், சுவத்து ஈரம்னா மொதல்ல இதுதான் ஊறியிருக்கும். இது மொறுமொறுன்னு கெடக்கு. தண்ணி மேல இருந்து, சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல எறங்கியிருக்கு. இந்தா பாருங்க, ரெண்டு மூலையிலயும் நூல் உரசுன தடம். பூப் போடுவீங்களோ?"

"தெனமும் போடுவேன்."

"தண்ணி தெளிச்ச பூவா?"

எந்தப் பூக்காரி தண்ணீர் தெளிக்காமல் கொடுக்கிறாள்? சொட்டச் சொட்டத்தான் இலையில் மடித்துக் கொடுப்பாள். ஒன்றரை வருடமாக, ஒருநாள் தவறாமல், என் மகளின் பூக்களுக்கு நானே தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்கு ஆவியாதல் பாடம் நடத்திய வாத்தியார் நான்.

"மூடுன கண்ணாடிக்குள்ள போன ஈரம் எப்படி சார் வெளிய வரும்?" என்றாள் சைதூன், என் முகத்தைப் பார்க்காமல். "பெரணி தேறும். காகிதப்பூ நாலு தேறும். மத்தது போச்சு. கண்ணாடி இல்லாம ஒரு வாரம் நெழல்ல காயட்டும். அப்புறம் பூவுக்கும் கண்ணாடிக்கும் எடவெளி விட்டு, சுத்தி அடைச்சுத் தாரேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது."

கடையில் விட்டுவர மனம் வரவில்லை. கண்ணாடி இல்லாத அட்டையைச் செய்தித்தாளில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ மேம்பாலத்தில் ஏறியது.

"பூத் தண்ணிதான்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்றேன்.

"தெரியும்ங்க."

"எப்ப இருந்து?"

"மழைக்கு முன்னாடியே. தொடைக்கிறப்ப சட்டத்துல சொட்டு நிக்கும்."

"தெரிஞ்சுக்கிட்டா அம்புட்டுத் திட்டையும் வாங்குன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத்தப் படத்தையும் காப்பாத்தியிருக்கலாமே!"

சகாயம் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவள அடக்கம் பண்ணுன அன்னைக்குக்கூட நீங்க அழுகல. எங்கிட்டயும் அவளப் பத்தி ஒரு பேச்சுக் கெடையாது. பூ வைக்கிறப்ப மட்டும் படத்துக்கிட்ட நின்னு, 'பஸ்ஸுல ஓரமா ஒக்காரு, மதியம் சாப்பிட்டியா'ன்னு மெதுவாக் கேப்பீங்க. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பூவ நிறுத்தச் சொன்னா அந்தப் பேச்சும் நின்னுருமே. படம் போனாப் போகட்டும்னு இருந்துட்டேன்."

யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவளும் பெற்றவள்தான். அந்தப் படத்தில் அவளுக்கும் பாதி உண்டு. அதை அவள் எனக்காக அழுகவிட்டிருக்கிறாள், நானோ அவள் கையைக் குறை சொன்னேன். வெட்கமாக இருந்தது. செய்தித்தாளை விலக்கினேன். காகிதப்பூ நான்கும் வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அனிஷா" என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அழுதேன். கண்ணீர் விழுந்துவிடப் போகிறதே என்று பதறி, இரண்டு கையாலும் அட்டையைத் தள்ளிப் பிடித்தேன்.

சகாயம் என் கையைப் பிடித்துத் தாழ்த்தி, அட்டையைத் திரும்ப மடியில் வைத்தாள்.

"நனஞ்சா நனையட்டும்ங்க" என்றாள். "அழுங்க."