ஸ்லைடின் ஓரத்துப் பொட்டு

வெள்ளிக்கிழமைதோறும் எங்களில் ஒருவர் கேக் கொண்டுவருவார்; அன்று என் முறை. ஏழரைக்கே லேபில் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

ஒன்பதரைக்கு, பிறந்து ஒன்பது நாளான குழந்தையின் முதுகுத்தண்டு நீர் வந்தது. ஸ்லைடில் தடவினேன். ஓரத்தில் வழக்கமான பொட்டு: ஊதாவாகத்தான் தெரிய வேண்டிய ஒரு கிருமி. அது ஊதாவாக இருந்தால் சாயம் சரி. ஊதாச் சாயம், அயோடின், பிறகு ஆல்கஹால். ஆல்கஹாலைச் சில நொடிகளில் கழுவிவிட வேண்டும். தாமதித்தால் ஊதா முழுவதும் போய்விடும்.

"ஏய் மைக்கன், கேக் நீயே செஞ்சதா? பல்லு கில்லு போச்சுன்னா யாரு பொறுப்பு?" பக்கத்து மேசை யெப்பே.

சிரித்தேன். அவன் விடவில்லை. பேசாதே என்று சொல்லக் கூச்சம். ஆல்கஹால் ஸ்லைடில் நின்றது.

கடைசியாகச் சிவப்புச் சாயம்; ஊதாவைத் தக்கவைக்காத வகைக் கிருமியை அது சிவப்பாக்கும். நுண்ணோக்கியில் சிவப்புக் குச்சிகள். குழந்தைகள் வார்டுக்குப் போன் செய்தேன்.

"சிவப்பா? சரி, ரெண்டு மருந்து போகுது. ஊதாவுக்கு உள்ளத நிறுத்திடுறேன்," என்றார் டாக்டர் ராக்னில்.

பத்தரைக்கு ஸ்லைடைப் பெட்டியில் வைக்கும்போதுதான், பொட்டைப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. பார்த்தேன்.

அதுவும் சிவப்பு.

மீதி நீரை வேறு ஸ்லைடில் தடவி, நொடிகளை எண்ணிக் கழுவினேன். பொட்டு ஊதா. குழந்தையின் குச்சிகளும் ஊதா.

"நான் மைக்கன், லேப்ல இருந்து. நான் சொன்னது தப்பு. ஊதா. நான்தான் அதிகமாக் கழுவிட்டேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"குழந்தையோட அம்மா கர்ப்பத்துல தினமும் புகைபோட்ட சால்மன் சாப்பிட்டதாச் சொன்னாங்க," என்றார் ராக்னில் மெல்ல. "அதுல வர்ற கிருமி ஊதாதான், எனக்கே தோணியிருக்கணும். பதினோரு மணி ஊசிய வேண்டாம்னு அடிச்சுட்டேனே!"

கடிகாரத்தில் பத்து ஐம்பத்திரண்டு. ரிசீவர் மேசையில் விழும் சத்தம். ஓடும் காலடிகள். எங்கோ ஒரு குழந்தை அழுதது, அதுதானா, தெரியவில்லை. போனை வைக்காமல் பிடித்திருந்தேன்.

"போட்டாச்சு," என்றது மூச்சிரைக்கும் குரல். "இன்னொரு தடவை பாத்துச் சொல்லு."

மூன்றாவது ஸ்லைடில் ஆல்கஹாலை ஊற்றினேன். யெப்பே தட்டோடு வந்தான்.

"உனக்கு நடுத்துண்டா, ஓரமா?"

"பேசாத," என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் தட்டோடு அப்படியே நின்றான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.