மாமியார் பாறையில் ஐந்து சதுரம்

கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கலீசியக் கடற்கரையில் அந்தச் சமயத்தில் பெர்செபே என்ற பெயரைக் கேட்டால் சாகக் கிடக்கிறவன்கூட எழுந்து உட்காருவான். விரல் தடிமனில், நுனியில் நகம் வைத்து, பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் பிராணி அது, பண்டிகை விருந்துக்குப் பொன் விலை போகும். அமைதியான இடம் அதற்கு ஆகாது. எங்கே அலை ஆளைக் கொல்லுமோ அங்கேதான் கொழுக்கும்.

மாமியார் பாறை அப்படிப்பட்ட இடம். எவ்வளவு பணிந்து போனாலும் முகம் கொடுக்காது என்பதால் வந்த பெயர். இரண்டு வருஷமாகப் பெர்செபே எடுப்பவர்களின் சங்கம் அதை மூடி வைத்திருந்தது. சங்கத்தின் உயிரியலாளர் இரியா இறங்கி எண்ணி, கொத்துகள் தேறிவிட்டன என்று கையெழுத்துப் போட்டால் பதினெட்டுக் குடும்பங்களுக்குப் பண்டிகை. போடாவிட்டால் இல்லை. கரையிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டுவிடம்மா என்று குழைந்தவர்கள் உண்டு. அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. ஐந்து இடத்தில் கம்பிச் சதுரத்தை வைத்து எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அறிக்கை செல்லாது.

கயிறு பிடிக்க வந்தவர் லிசார்தோ. ஐம்பத்தெட்டு வயது, சங்கத்திலேயே மூத்த கை. "இந்தப் பாறைய மூடுங்கடா, இல்லாட்டி நம்ம பேரப்புள்ளைங்க இத படத்துலதான் பாக்கும்" என்று கூட்டத்தில் மேஜையைத் தட்டியவரே அவர்தான். அன்றிலிருந்து இரியாவுக்கு அவர்மேல் தனி மரியாதை.

"எண்ணும்போது உன் முதுகு கடல் பக்கம் இருக்கும். அந்த முதுகுக்கு நான்தான் கண்ணு" என்றார், அவள் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்தபடி. "நான் ஏறுன்னா ஏறணும். பென்சிலாவது பலகையாவது."

"நூறு தடவ சொல்லிட்டீங்கண்ணே."

"நூறு தடவ சொன்னதாலதான் நீ இன்னும் உயிரோட இருக்க."

முதல் இரண்டு சதுரமும் மனசை நிறைத்தன. தடித்த கொத்துகள், ஒவ்வொன்றின் தண்டிலும் கடுகு கடுகாகக் குஞ்சுகள். மேலிருந்து அலைக்கு அலை குரல் வந்துகொண்டிருந்தது. "சின்னது. இரு... இதுவும் சின்னதுதான், இரு."

மூன்றாவது இடம் பாறையின் பின்முகம். கரையிலிருந்து கண்ணுக்குப் படாது. சதுரத்தை வைத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே ஒன்றுமில்லை. மழித்த தலைபோல வெறும் பாறை, ஓரத்தில் நாலைந்து தண்டு. தொழில் தெரிந்தவன் ஓரத்தில் எடுத்துவிட்டு நடுக்கொத்தை விடுவான். குஞ்சுகள் பெரியவற்றின் தண்டைத்தான் தேடி வந்து ஒட்டும். இது அவசரத்தில் அடியோடு வழித்த வேலை. சுரண்டிய ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் மயிரிழை போல ஒரு கோடு மீந்திருந்தது.

மாதிரிக்கு ஒரு தண்டை எடுக்க இடுப்பைத் தடவினாள். அவளுடைய சுரண்டி இல்லை. வழியில் எங்கோ நழுவிக் கடலுக்குப் போயிருந்தது.

"அண்ணே, உங்க சுரண்டியக் குடுங்க."

அவர் யோசிக்காமல் அதைக் கயிற்றில் கட்டி இறக்கினார். "பத்திரம். என் பொண்டாட்டியவிட எனக்குப் பழக்கம் ஜாஸ்தி அதுகூட."

ஓரத்துத் தண்டின் அடியில் ஒரு இழுப்பு இழுத்தாள். பாறையில் அகலமான தடம் விழுந்தது. அதன் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு. அலகைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொக்கை.

நிமிர்ந்தாள். லிசார்தோ அவளைப் பார்க்கவில்லை, அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொண்ணே தெரியுது?"

"ஒண்ணுமில்லண்ணே."

அவளுக்குப் பொய் சொல்ல வராது, அது ஊருக்கே தெரியும். பெயர் வெளியே வந்தால் அவருக்கு உரிமம் போகும். அந்த வயதில் வேறு தொழிலும் கிடைக்காது. அவள் உயிரோ அவர் கைக்கயிற்றில் இருந்தது. பயமாக இருந்தது. நான்காவது சதுரத்துக்கு நகர்ந்து எண்ணத் தொடங்கினாள். ஒன்பதில் விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி எண்ணி எழுதி முடித்தாள். அப்போதுதான் உறைத்தது. மேலிருந்து குரல் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

காலடியில் தண்ணீர் சத்தமில்லாமல் வடிந்து, பாசிகள் தொங்கிப்போயின. திரும்பிப் பார்த்தாள். மூன்று அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் மாதிரி. முதல் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டிருந்தது.

கயிற்றைப் பற்றி ஏறினாள். கால் வழுக்கியது. "ஏறு" என்ற அலறலும் அலையும் ஒன்றாக வந்து விழுந்தன. நெஞ்சு பாறையில் மோத, உப்புநீர் மூக்கில் ஏற, கீழே உறிஞ்சுகிற கடலுக்கும் மேலே இழுக்கிற கயிற்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் தொங்கினாள். கயிறுதான் ஜெயித்தது.

உச்சியில் இருமி முடிக்கவே நேரம் பிடித்தது. லிசார்தோவின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தமாக இருந்தன.

"ஏன் சத்தம் போடல?"

"போட்டேனே."

"அலை தலைமேல வந்தப்புறம் போட்டீங்க. முன்னாடியே பாத்தீங்கல்ல?"

அவர் கடலைப் பார்த்தார். "பாத்தேன். கொஞ்ச நேரம் வாய் வரல. அந்தக் கொஞ்ச நேரத்துல என்ன நெனச்சேன்னு மட்டும் கேக்காத."

அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த பலகையை எடுத்து, மூன்றாவது சதுரத்துக்கு எதிரே எழுதினாள்: அடியோடு சுரண்டப்பட்டது, லிசார்தோவின் சுரண்டி. கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "ரெண்டு ராத்திரிதான் வந்தேன்."

"அது திரும்ப வர ஆறேழு வருஷம் ஆகும். நீங்கதானேண்ணே மேஜையத் தட்டுனீங்க? வேலியே பயிர மேஞ்சா நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரமா ஏமாற்றமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

லிசார்தோ பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பலகையில் ரத்தம் ஈஷியது. பலகையைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "நாலுதான் இருக்கு. அஞ்சாவது இல்லாட்டி இந்த அறிக்கை செல்லாது. நான் தப்பிச்சிருவேன்."

"தெரியும்."

"நாளைலேருந்து காத்து மாறுது. வருஷப் பொறப்பு வரைக்கும் எவனும் இங்க காலு வைக்க முடியாது. கடல் தண்ணி ஏறுறதுக்கு இன்னும் கால் மணி இருக்கு." கயிற்றை அவர் தொடவில்லை. அது இருவருக்கும் நடுவில் கிடந்தது.

இரியா கயிற்றைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். பிறகு முடிச்சைத் தானே போட்டாள், இரண்டு தடவை போட்டாள். மறுமுனையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் கழுத்துத் துணியைக் கிழித்து உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டு வாங்கினார்.

ஐந்தாவது இடத்தில் சதுரத்தை வைத்தும் ஒரு மூச்சு நேரம் கடலைப் பார்த்தே நின்றாள். அப்படி நின்றால் எண்ண முடியாது. பாறைப் பக்கம் திரும்பினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று.

"சின்னது. இரு."

பதினாலு, பதினைந்து.

"இதுவும் சின்னது."

இருபத்தாறை எழுதி முடித்தபோது, "ஏறு பொண்ணே" என்று கேட்டது. ஏறத் தொடங்கும் முன் திரும்பிப் பார்த்தாள். பெரிய அலை வெகு தொலைவில், அப்போதுதான் தலை தூக்கிக்கொண்டிருந்தது.